சிவப்பு வண்டியின் அடித்தகடு

ஒரு வண்டியின் வயிற்றுக்கடியில் கிடக்கிற தகட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தொடங்கிய பேச்சு, குப்புராஜ் வீட்டு அடுப்பை ஒரு பொழுது எரியாமல் செய்துவிட்டது.

தாம்பரம் மேற்கே முடிச்சூர் ரோட்டை ஒட்டி ஏழெட்டு ஷெட்டுகள் வரிசையாக இருந்தன. இஞ்சின் வேலை குப்புராஜுக்கு. அவன் பெண்டாட்டி நாகலக்ஷ்மியின் அண்ணன் சிட்டிபாபு டிங்கர். நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவன். நடுவில் ரேடியேட்டர் பார்க்கிற நசீருதீன். மூன்று பேரும் ஒரே புளியமர நிழலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். காலையில் நிழல் நசீருதீன் பக்கம், பகலுக்கு மேல் சிட்டிபாபு பக்கம். குப்புராஜுக்கு வண்டியின் அடிதான் நிழல்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், கத்திரி வெயில். மேடவாக்கம் முனிரத்தினத்தின் சிவப்பு வண்டி மூன்றாவது முறையாக வந்து நின்றது. அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர் அவர். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பந்தயக் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, கிணற்றில் இறங்குகிற மாதிரி ஒரு காலை முதலில் விட்டுத்தான் அதில் ஏறுவார்.

"மெக்கானிக்கு, இது மூணாவது தபா" என்றார். "பெருங்களத்தூர் கேட்டுல ரயிலுக்காகப் பத்து நிமிசம் நின்னேன். ஹீட் முள்ளு மேல போயி ஒட்டிகிச்சு. பின்னாடி வந்த மாட்டுவண்டிக்காரன் எறங்கி வந்து, 'இன்னா சாமி, உள்ள அடுப்பு பத்த வெச்சிகீறியா'ன்றான். மானம் போவுது."

"எங்கைய கொற சொல்லாதீங்க சார்" என்றான் நசீருதீன். "ரேடியேட்டரத் தொறந்து, கம்பி வுட்டுக் குடைஞ்சு, கயுவி மாட்டிகீறேன். இப்ப அதுல நீங்க கொழந்தைக்குப் பால் ஊத்திக் குடுக்கலாம்."

"ஸ்பீடு பிரேக்கர்ல தகடு ஒடையற வரைக்கும் இந்த ரோதன இல்லியேய்யா."

அந்தத் தகடுதான். மற்ற வண்டிகளில் இஞ்சினுக்குக் கீழே ரோடு தெரியும். இந்த வண்டி தாழ்வு என்பதால், கல்லும் சேறும் மேலே அடிக்காமல் இருக்க, முன் மூக்கிலிருந்து இஞ்சின் முடிகிற வரைக்கும் ஒரு அலுமினியத் தகடு தொட்டில் மாதிரி கட்டியிருந்தார்கள். மேடவாக்கத்துக்குள் புதிதாகப் போட்ட ஒரு மேட்டில் இடித்து அது மூன்று துண்டாகிவிட்டது. குப்புராஜ்தான் துண்டுகளை அள்ளிக்கொண்டுபோய் சிட்டிபாபுவிடம் கொடுத்தான். ஒட்டி, தட்டி, தேய்த்து, சிட்டிபாபு அதை ஒரே தகடாக்கிக் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

குப்புராஜ் வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான். "தகட்டக் கழட்டிப் போட்டுடலாம் சார். கீய மொத்தமா மூடிகினா சூடு எங்க போவும்?"

இரண்டு ஷெட் தள்ளிச் சுத்திச் சத்தம் நின்றது. அந்த வரிசையில் சத்தம் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நின்றால்தான் பார்ப்பார்கள். சிட்டிபாபு சுத்தியோடு எழுந்து வந்தான்.

"இன்னா மாப்ள, கழட்டணும்ன்ற?"

"அதுக்கில்ல மச்சான்..."

"எதுக்கில்ல? மூணு நாள் குந்திகினு அடிச்சேன். மவுண்ட்ரோடு ஆளுங்க இத்தப் பாத்துட்டு, அலுமினியம் ஒட்டாது, தூக்கிக் காயலாங்கடைல போடுன்னானுங்க. ஒட்னேனா இல்லியா? இப்ப நீ காயலாங்கடைன்ற."

"வண்டி கொதிக்குது மச்சான்."

"கொதிக்குதுன்னா இஞ்சினப் பாரு. அது உன் வேல. தகடு இல்லன்னா ரோட்டு ஜல்லி நேரா ஆயில் சேம்பருல அடிக்கும். ஐப்பசில இந்த முடிச்சூர் ரோடு ஏரி மாரி ஆயிப்பூடும். அப்ப இன்னா பண்ணுவ, இஞ்சினுக்குக் கொட புடிப்பியா?"

நசீருதீன் சிரித்துவிட்டான். முனிரத்தினமும் சிரித்தார். சிட்டிபாபு சிரிக்கவில்லை.

அந்த வரிசையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் மாட்டியதை இன்னொருவன் கழற்றக் கூடாது. ஆளைக் கூப்பிட வேண்டும், அவன் வந்து அவன் கையால் கழற்ற வேண்டும். ரேடியேட்டரைக் கழற்ற நசீருதீன் தொழுகை முடித்து வருகிற வரைக்கும் லாரிக்காரனே காத்திருப்பான். கழற்றுவது பெரிய வித்தை என்பதற்காக இல்லை. ஒருவன் வேலையை அவனுக்குத் தெரியாமல் பிரிப்பது, அவன் சாப்பிடுகிற தட்டை இழுக்கிற மாதிரி.

"த பாரு மாப்ள, நாலு பேர வெச்சிச் சொல்றேன். என்னக் கேக்காம அந்தத் தகட்டுல ஸ்பேனர் வெச்ச, ஞாயித்துக்கிழம உம் பொண்ணு காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்கோ."

சொல்லிவிட்டு, வெல்டிங் சிலிண்டருக்கு ஆள் பார்க்க சைதாப்பேட்டை போக வேண்டும் என்று சட்டையை மாட்டினான். குப்புராஜ் தலையை மறுபடி வண்டிக்கடியில் இழுத்துக்கொண்டான். சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிறேன், முடிவு பண்ணி வை என்றார் முனிரத்தினம்.

இருநூறு அடி தூரத்திலிருந்த வீட்டுக்குக் குப்புராஜ் போய்ச் சேருவதற்குள் சேதி போய்விட்டிருந்தது. நசீருதீன் பெண்டாட்டி மெஹர் பானு அடிபம்பில் சொல்லிவிட்டாள். நாகலக்ஷ்மி சோற்றைப் போட்டு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். அவள் கை கொஞ்சம் வேகமாக இருந்தது.

"மடி பாத்துக்கோன்னானாமே?"

"கோவத்துல சொன்னாரு."

"எங்கண்ணன் கோவத்துல சொன்னாலும் செய்வான், தெரியாதா உனக்கு?"

மூன்று வயசு அமுலு மூலையில் உட்கார்ந்து, கருவாட்டு முள்ளை எறும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை செல்லியம்மன் கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நாகலக்ஷ்மிக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. பிறந்த வீடு என்று இருப்பதெல்லாம் அந்த ஒரு ஆள்தான்.

"எங்கம்மா சாவக்கொள்ள எனக்கு ஒம்பது வயசு. இஸ்கூலுக்கு ஜட பின்னி உட்டது அவன்தான். சுத்தி புடிக்கிற கையி, முடியெல்லாம் புடுங்கிகினு வரும். அழுவேன். அழுதாலும் பின்னித்தான் அனுப்புவான். ஞாயித்துக்கிழம நான் யார் மடில வெக்கிறது? ஊரு சனம் கேட்டா, தகடுன்னு சொல்லவா?"

"முதலாளி வண்டி கொதிக்குதுடி. நான் இன்னா பண்ணட்டும்?"

"அந்தத் தகட்ட மாட்றதுக்கு முன்னாடி சைக்கிள்ள வெச்சி இங்க எடுத்தாந்தான், தெரியுமா? 'நாகு, பாரு'ன்னான். அமுலு அதுல மூஞ்சி பாத்துச்சு." அவள் குழம்புச் சட்டியைத் தட்டு போட்டு மூடினாள். "கழட்டணும்னா அவனக் கூப்ட்டு, நீயே உங்கையால கழட்டு மச்சான்னு சொல்லு."

"கழட்டுவாரா?"

"கேட்டியா நீ?"

கேட்கவில்லை. குப்புராஜ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

மூன்று மணிக்கு முனிரத்தினம் வந்துவிட்டார். சிட்டிபாபு சைதாப்பேட்டையிலிருந்து வரவில்லை. "எனக்கு கூடுவாஞ்சேரில பார்ட்டி காத்துகினு கீறான். கழட்டிட்டு ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாம், ஏறு" என்றார் அவர்.

"டிங்கர் வந்துடட்டும் சார்."

"வண்டி என்துதானே? நான் சொல்றேன், கழட்டு."

நசீருதீன் தணிந்த குரலில், "குப்பு, அரைமணி பொறு. அவன் வந்துடுவான்" என்றான். குப்புராஜுக்கு அது கேட்டது. ஆனால் காலையில் நாலு பேர் முன்னால் குடை பிடிப்பியா என்று கேட்டதும் இன்னும் காதில் இருந்தது. தான் சொன்னதுதான் சரி என்று ஒரு ஓட்டில் தெரிந்துவிட்டால் மச்சான் வாயைத் திறக்க முடியாது என்று நினைத்தான். படுத்து, பதினொரு போல்ட்டையும் கழற்றினான். கடைசி போல்ட் வந்ததும் தகடு அவன் நெஞ்சின் மேல் இறங்கியது. வெயிலில் சுட்டது. அதைத் தூக்கிச் சிட்டிபாபுவின் ஷெட் சுவரில் சாத்திவிட்டு வண்டியில் ஏறினான்.

பெருங்களத்தூர் கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் போனது, பின்னாலேயே ஒரு கூட்ஸ். கால்மணி நேரம். ஹீட் முள் பாதியில் நின்றது, அசையவில்லை. முனிரத்தினம் அவன் தொடையில் தட்டினார். "சொன்னதச் செய்றவன்யா நீ!" குப்புராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாயங்காலம் மச்சானிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டான்.

வண்டலூர் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. முனிரத்தினம் அழுத்தினார். காற்று மூஞ்சியில் அறைந்தது. அப்போதுதான் முள் கிளம்பியது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. கூடுவாஞ்சேரி மார்க்கெட் வருவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

"இன்னாய்யா இது, நின்னா கொதிச்சது, இப்ப ஓடினா கொதிக்குது!"

நுங்கு விற்கிறவளின் கூடைக்குப் பக்கத்தில் ஓரம் கட்டினார்கள். குப்புராஜ் மல்லாந்து அடியில் நுழைந்தான். ஆயில் சேம்பரில் புதிதாக இரண்டு கல்லடி. அதற்கு மேலே இஞ்சினைப் பார்த்தபடி கிடந்தான். தாம்பரத்தில் ரயில் வந்து நின்றதும் இறங்குகிறவர்களை விடாமல் ஏறுகிறவர்கள் வாசலை அடைத்துக்கொள்வார்களே, அப்படித்தான் இதுவும். கீழேயிருந்து ஏறுகிற காற்று உள்ளே நிறைந்துகொண்டால் முன்னாலிருந்து ரேடியேட்டர் வழியாக வருகிற காற்றுக்கு இடமில்லை. தகடு வேண்டும். ஆனால் சூடு கீழே இறங்குவதற்கு வழியும் வேண்டும்.

வழி இருந்தது. அவனுக்கு அப்போது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த வேகத்தில் தலையைத் தூக்கி நெற்றியை இடித்துக்கொண்டான்.

உடைந்த துண்டுகளில், பின்பக்கமாக, மீன் செவுள் மாதிரி சாய்வாக ஏழு கீறல் இருந்தது. சில வளைந்து, சில கிழிந்து, சேறு அடைத்துக் கிடந்தது. சிட்டிபாபு விரலால் தடவிப் பார்த்து, "மாப்ள, இது கம்பெனிலயே உட்ட ஓட்டையா இருக்குமோ? எல்லாம் ஒரே சாய்வா கீது பாரு" என்று கேட்டான். அன்றைக்கு ஷெட்டில் இரண்டு வண்டி அவசரம். குப்புராஜ் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கல்லு பட்டுக் கிழிஞ்சது மச்சான். கார் கட்றவன் ஓட்டத் தகட்டையா மாட்டுவான்? எல்லாத்தையும் அடைச்சிடு, ஒரு பொட்டு வெளிச்சம் வரக் கூடாது" என்றான். ஓட்டையை அடைக்கிறது டிங்கர் கைக்குப் பழக்கம். அடைத்துக் கொடுத்துவிட்டான்.

முனிரத்தினம் நுங்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "இன்னா தெரிஞ்சுது?"

"தகட்டுல காத்து போறதுக்கு வரி வரியா ஓட்ட இருந்துது சார். அது அடைஞ்சு கீது."

"யாரு அடைச்சது? டிங்கரா?"

குப்புராஜ் நெற்றியைத் துடைத்தான். அடைத்த கை சிட்டிபாபுவின் கைதான். "ஆமா சார்" என்றான்.

அவர்கள் திரும்பி வரும்போது சிட்டிபாபு தன் தகட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் குப்புராஜைப் பார்க்கவில்லை. முனிரத்தினம் வண்டியிலிருந்து முழுசாக இறங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"யோவ் டிங்கரு! ஓட்டைய எதுக்குய்யா அடைச்ச? வெள்ளைக்காரன் கணக்குப் போட்டு உட்ட ஓட்டைய, நீ குடத்துக்கு அடைக்கிற மாதிரி அடைச்சிகீறியே, அறிவு வோணாம்? மூணு தபா ரோட்ல என்ன நிக்க வெச்சிட்ட. பாத்திரத்துக்கு ஈயம் பூசப் போய்யா நீ!"

டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். சிட்டிபாபு அப்போதுதான் குப்புராஜின் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. இப்போது மாப்பிள்ளை பேசுவான் என்று காத்திருக்கிற பார்வை. குப்புராஜ் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். அதில் எண்ணெயே இல்லை.

"நாந்தான் சார் அடைச்சேன்" என்றான் சிட்டிபாபு. "காலைல வாங்க. வெட்டி வெக்கிறேன்."

அவ்வளவுதான். தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வீட்டில் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. வாசற்படியில் நாகலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொட்டலம். பிங்க் காகிதத்துக்குள் பட்டாணி அளவில் இரண்டு தோடு.

"சைக்கிள்ள குந்திகினே குடுத்துட்டுப் போறான். உள்ள வாண்ணான்னேன், வரல. யார் மடிலியாவது வெச்சிக் குத்திடுன்னான். தண்ணியாவது குடிச்சிட்டுப் போண்ணான்னேன். தலைய ஆட்டிட்டுப் பூட்டான்." அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "ஓட்டைய அவன்தான் அடைச்சிட்டானாமே, நாலு பேரு முன்னாடி ஈயம் பூசப் போன்னாராமே அந்த ஆளு?"

குப்புராஜ் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனிடமிருந்து பெட்ரோல் வாசனை அடித்தது.

"அடைக்கச் சொன்னது நான்" என்றான்.

நாகலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். "அவன் எங்கிட்ட சொல்லலியே."

"சொல்ல மாட்டாரு."

"அந்த ஆளுகிட்டயும் சொல்லல?"

"சொல்லல."

"நீ?"

தெருவில் தண்ணீர் லாரி போனது. அவன் அது போவதையே பார்த்தான். அவள் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அமுலுவைத் தூக்கிக்கொண்டு மெஹர் பானு வீட்டுக்குப் போனாள். குழந்தைக்கு மட்டும் அங்கே ஊட்டிவிட்டு வந்தாள். அவளும் சாப்பிடவில்லை.

காலையில் குப்புராஜ் ஷெட்டுக்குப் போனபோது சிட்டிபாபு ஐந்து கீறல் வெட்டி முடித்திருந்தான். ஒட்டின இடத்திலேயே உளி வைத்து, ஒவ்வொன்றையும் உள்பக்கம் மரக்கட்டை கொடுத்துச் செவுள் மாதிரி தூக்கிவிட்டிருந்தான். அருமையான கை. குப்புராஜ் "மச்சான்" என்றான். உளி நிற்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டான். "சிலும்பு பறக்குது, தள்ளி நில்லு" என்றான் சிட்டிபாபு, மாப்ள என்று சேர்க்காமல்.

முனிரத்தினம் ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். நசீருதீன் டீ சொல்லி அனுப்பினான். டீக்கடை ஆட்களும், நேற்றைய கதைக்கு மிச்சம் இருக்குமா என்று டம்ளரோடு வந்து நின்றார்கள். குப்புராஜ் அதற்காகத்தான் காத்திருந்தான். இந்த ஆட்கள் இல்லாமல் சொன்னால் அது சொன்னதாகாது. குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது.

"சார், நேத்து நீங்க திட்ன திட்டு வெலாசம் தப்பிப் பூட்ச்சு. எனக்கு வர வேண்டியது."

"இன்னாய்யா சொல்ற?"

"ஓட்டைய அடைன்னு சொன்னவன் நானு. அவரு கம்பெனி ஓட்டையா இருக்கும்னு கேட்டாரு. குனிஞ்சு பாக்காம, கல்லு பட்டது, அடைன்னு சாதிச்சேன். நேத்து கூடுவாஞ்சேரில நீங்க கேட்டப்பவும் டிங்கர்னு சொல்லிட்டேன். இங்க அவரத் திட்னப்பவும் வாய மூடிகினு நின்னேன்."

முனிரத்தினம் இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவருக்கும் நேற்று பேசினது கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு.

"ரெண்டு பேருமா சேந்து என் வண்டிய வேக வெச்சிகீறீங்க" என்றார். பிறகு குப்புராஜிடம், "இன்னிலேந்து இந்த வண்டில ஒரு போல்ட்டக் கழட்றதா இருந்தாலும் டிங்கரக் கேட்டுகினு கழட்டு. புரிஞ்சுதா?"

"சரி சார்."

டீக்கடையில் ஒருவன் சிரித்தான். நாளைக்கு முடிச்சூர் ரோடு முழுக்க இந்தச் சேதி போகும். டிங்கரைக் கேட்டுக்கொண்டு இஞ்சின் பார்க்கிற மெக்கானிக்கு என்று ஒரு வருஷமாவது கூப்பிடுவார்கள். குப்புராஜ் நின்று வாங்கிக்கொண்டான்.

சிட்டிபாபு ஏழாவது கீறலைத் தூக்கிவிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு வந்து வண்டிக்கடியில் நுழைந்தான். அதை ஒரு ஆளாக மாட்ட முடியாது. ஒருவன் இரண்டு கையாலும் தாங்க வேண்டும், இன்னொருவன் போல்ட் ஏற்ற வேண்டும். குப்புராஜும் படுத்து நுழைந்தான். இரண்டு பேர் மூஞ்சிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. மேலே திறந்திருந்த பானட்டிலிருந்து, புதிதாக வெட்டின கீறல்கள் வழியாக ஏழு வரி வெளிச்சம் சிட்டிபாபுவின் கன்னத்தில் விழுந்தது.

முதல் போல்ட் ஏறியது. இரண்டாவது ஏறியது.

"நேத்து வாயத் தொறந்திருந்தா நேத்தே சோறு துன்னிருப்பேன்" என்றான் சிட்டிபாபு, தகட்டைப் பார்த்தபடி.

"நாங்களும் துன்னல மச்சான்."

"நீ துன்னாட்டி இன்னா, துன்னா இன்னா? அவ துன்னாளா?"

"இல்ல."

மூன்றாவது போல்ட் மரை சரியாகப் பிடிக்கவில்லை. குப்புராஜ் எடுத்து, எச்சில் தொட்டுத் திரும்ப வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வண்டியடியில் மண் விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

"மச்சான், ஞாயித்துக்கிழம..."

"வரேன். எந்தங்கச்சி பொண்ணுக்காக வரேன். குத்தி முடிச்சதும் போய்டுவேன். உன் வூட்டுப் பந்தில குந்த மாட்டேன்."

"சரி மச்சான்."

"அத்த அவகிட்ட நீ சொல்லாத. அழுவா. நானே சொல்லிக்கிறேன்."

"சரி."

"எத்தினி மணிக்கு?"

"ஏழரைக்கு. மொட்ட ஏழுக்கே."

"மொட்டையும் எம்மடிலதான?"

"ஆமா மச்சான்."

"அப்ப ஆறரைக்கே வரணும்" என்றான் சிட்டிபாபு. தாங்கிப் பிடித்த இரண்டு கையும் நடுங்கத் தொடங்கியிருந்தன. "போல்ட்ட ஏத்து மாப்ள மொதல்ல. கை உட்டுப் போவுது."